பெட்டியின் பின்பக்கம்

அப்படியானால் அந்த வளைவு எங்கே போனது... லோரி வளைவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, மறுநொடி அந்தப் பக்கம் இருக்கிறது, நடுவில் இருந்த பாதையை யார் தின்றார்கள்? விளையாடும்போது பார்த்தேனே, இந்தக் கண்ணால்தான் பார்த்தேன், முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி வளைவில் சாய்ந்து நிமிர்ந்து வழுக்கிக்கொண்டு இறங்கியது, ஒரு குலுக்கல் கிடையாது. அதையே பதிவு செய்து ஓட்டிப் பார்த்தால் தத்தித் தத்திப் போகிறது. மணி ஒன்பதேகால். பன்னிரண்டுக்குள் பத்து நிமிட வீடியோ கோலாலம்பூருக்குப் போய்ச் சேர வேண்டும். கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிற கம்பெனி, பெரியது ஒன்றும் இல்லை, பதினோரு பேர்தான், விளையாட்டு வெளிவருவதற்கு முன் ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்க, அங்கேயே வந்து தங்கி வேலை பார்க்க ஆள் தேடுகிறார்கள். போன வாரம் நான் அனுப்பியதைப் பார்த்துவிட்டு அங்கிருந்து துளசி என்கிற பெண் மரியாதையாகத்தான் கேட்டாள், லோரி குதிப்பது எங்கள் விளையாட்டிலா உங்கள் பதிவிலா தெரியவில்லையே பூவிழி, வியாழக்கிழமை மதியத்துக்குள் இன்னொரு முறை அனுப்ப முடியுமா என்று. பிழை பிடிக்கிற வேலைக்கு மனுப் போட்டவள் அனுப்பிய வீடியோவிலேயே பிழை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஸ்ட்ராபெரித் தோட்டத்து வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டே எனக்கு இருபத்தைந்து வயதாகிவிட்டது, இன்று அதற்கும் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த வேலை வேண்டும், ரொம்ப வேண்டும்.

தானா ராத்தா டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற தினேஸ்வரன் அண்ணன், என் பெரியப்பா மகன், நேற்று போனில் சொன்ன எல்லாவற்றையும் செய்து பார்த்தாகிவிட்டது. நொடிக்கு அறுபது படம் எதற்கு, முப்பது போதும் என்றார், குறைத்தேன். விளையாட்டு இருக்கிற டிஸ்க்கிலேயே பதிவையும் எழுதாதே என்றார், மாற்றினேன். மற்றதையெல்லாம் மூடச் சொன்னார், மூடினேன். ஒவ்வொரு தடவையும் முதல் மூன்று நிமிடம் சுத்தமாக இருக்கும், அப்பாடா என்று நாற்காலியில் சாய்வேன், நான்காவது நிமிடம் லோரி குதிக்கும். ஏன் நான்காவது நிமிடம்? கெட்டுப்போன கம்ப்யூட்டர் பெட்டி என்றால் முதல் நிமிடத்திலேயே அல்லவா கெட வேண்டும்? இதைச் சொன்னால் பழைய பெட்டி, புதுசு வாங்கு என்பார், கடைக்காரர் வேறென்ன சொல்வார். எனக்குப் புரிந்தவரை விளையாட்டை ஓட்டுவது ஒரு வேலை, அதைப் படம் பிடித்துச் சுருக்கி எழுதுவது இன்னொரு வேலை, இரண்டையும் இந்த ஒரு பெட்டிதான் செய்கிறது, மூச்சு வாங்கினால் முதல் வேலையைக் காப்பாற்றிக்கொண்டு இரண்டாவதைக் கைவிடுகிறது, சரி, ஆனால் எதனால் மூச்சு வாங்குகிறது? அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. நேற்று தேயிலை மலையில் வேலை முடிந்து தொப்பலாக நனைந்து வந்தவள் வந்ததும் வராததுமாகக் கேட்டது ஒன்றுதான், "இன்னும் எவ்ளோ நேரம் ஓட்டுவ?" தினமும் இதே கேள்வி, இரண்டு வருடமாக, இந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து. நானும் தினமும் வள்ளென்று விழுவேன், "ஒனக்கு என்னம்மா, நான்தானே கரண்டு காசு கட்டுறேன்?" அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இரு, இரு... பழைய பதிவுகள் இருக்கின்றனவே, தேதியோடு. எதையும் அழித்துத் தொலைக்காத புத்தி ஒரு நாள் உதவும் என்று யார் கண்டது. ஒவ்வொன்றாகத் திறந்து நான்காவது நிமிடத்துக்குப் போனேன். வெள்ளி, குதிக்கிறது. செவ்வாய், குதிக்கிறது. ஞாயிறு... ஞாயிறு சுத்தம். போன மாதத்து ஞாயிறு? அதுவும் சுத்தம், பன்னிரண்டு நிமிடம் வெண்ணெய் மாதிரி. பெட்டிக்குக் கிழமை தெரியுமா என்ன? உடனே தொழிற்சாலை ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை ஓடாது, மற்ற நாளில் தேயிலை உலர்த்துகிற இயந்திரங்கள் கரண்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் விளக்கே சமயத்தில் மங்கும், அதுதான், கண்டுபிடித்துவிட்டேன் என்று மேசையில் தட்டினேன். தட்டிய கை அப்படியே நின்றது. வெளியே சத்தமே இல்லை. பெரிய இயந்திரம் பழுது, இன்று முழுக்க ஓடாது என்று காலையில் அம்மாதானே சொல்லிவிட்டுப் போனாள்? தொழிற்சாலை ஓடவில்லை, லோரி மட்டும் குதிக்கிறது. நல்ல துப்பறிவாளர் நான். சரி, ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டில் வேறு எது இல்லை? நான் இருக்கிறேன், பெட்டி இருக்கிறது, மழையும் இருக்கிறது, அதற்கு ஏது ஞாயிறும் திங்களும். அம்மாவும் இருக்கிறாள், வேலைக்குப் போகாமல்... அம்மா வேலைக்குப் போவதற்கும் லோரிக்கும் என்ன சம்பந்தம்?

வயர் எதுவும் லூசாக இருக்கிறதா என்று மேசைக்கடியில் குனிந்து, பலகைச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த ஒரு சாண் இடுக்கில் கையை விட்டேன். வெதுவெதுப்பாக, ஈரமாக, மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. எலி என்று கையை உதறிக்கொண்டு எழுந்ததில் மண்டை மேசையில் இடித்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். எலி இல்லை, கையுறை. கொழுந்து வெட்டும்போது அம்மா போடுகிற கையுறை, இரண்டு, பக்கத்தில் கம்பளிக் காலுறை இரண்டு, துணிக் கிளிப்பு போட்டு வயர்களில் வரிசையாகத் தொங்கின, சரியாகக் காற்று வெளியே வருகிற ஓட்டைகளை மூடிக்கொண்டு. சூடு போக வழியில்லாமல் பெட்டி உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்திருக்கிறது. மூன்று நிமிடம் தாக்குப்பிடித்திருக்கிறது, பாவம், நான்காவதில் மெதுவாகிவிடுகிறது. அம்மாவிடம் இரண்டு ஜோடி உண்டு, நேற்று நனைந்தது இன்று காயும், இன்று நனைவது நாளை காயும். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுவாள், ஞாயிறு இருட்டிய பிறகுதான் அலசி மாட்டுவாள் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்கும் லீவு.

கோபமாகத்தான் போன் போட்டேன். மலையில் அது தேநீர் குடிக்கிற நேரம், உடனே எடுத்தாள். பெட்டிக்குப் பின்னால் கையுறை போட்டது நீயா என்றேன்.

"ஆமா. இந்தக் குளுருல வேற எங்க காயும்? ஒன் பொட்டி பின்னால நல்லா சூடு வருது, சும்மாதானே போவுது." பிறகு குரல் இறங்கியது. "ஏன், ஏதாச்சும் கெட்டுப்போச்சா?"

இல்லை என்றேன்.

"அந்தக் கே.எல். வேலைக்கு அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்லம்மா."

"அனுப்பு லா, லேட்டாக்காத. அப்படியே அது காஞ்சிருச்சான்னு பாரு."

இன்னும் எவ்வளவு நேரம் ஓட்டுவாய்... சூடு எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டிருக்கிறாள். காலுறை காய்ந்துவிடுமா, விடியற்காலை ஆறு மணிக்கு ஈரத்தைப் போட்டுக்கொண்டு மலை ஏற வேண்டியிருக்குமா என்று கேட்டிருக்கிறாள். நான் என்னென்ன பதில் சொன்னேன் இரண்டு வருடமாக. சில நாள் கோபத்தில் பெட்டியை டப்பென்று அணைத்துவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறேனே, அந்த மறுநாட்களில் அவள் எதைப் போட்டுக்கொண்டு போனாள்? வெட்கமாக இருந்தது.

கிளிப்புகளைக் கழற்றிவிட்டுப் பதிவு செய்தேன். நான்காவது நிமிடம் வந்தது, போனது. வளைவு முழுசாக இருக்கிறது, ஓர் அங்குலம் குறையவில்லை. ஏழாவது நிமிடம் பாலத்தில் லோரி ஒரு குதி குதித்தது, ஐயோ என்று ஆகிவிட்டது, இன்னும் இரண்டு முறை ஓட்டினேன், அதே பாலம், அதே குதி, விளையாடும்போதே குதிக்கிறது, பதிவின் கோளாறு இல்லை, அது அவர்களுடைய பிழை! இத்தனை நாள் என் பிழைகளுக்கு நடுவில் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. பாலத்தில் குதிப்பது உங்களுடையது என்று துளசிக்கு எழுதி, பதினொன்றே முக்காலுக்கு அனுப்பினேன். வேலை கிடைத்துவிடும் என்று தோன்றுகிறது, தோன்றுகிறது என்ன, கிடைத்துவிடும்.

கையுறையின் கட்டைவிரலில் இன்னும் ஈரம். ஓட்டைகளை அடைக்காமல் கொஞ்சம் தள்ளி மறுபடி மாட்டினேன். அனுப்பியாகிவிட்டது, இனி பெட்டிக்கு வேலை இல்லை, ஆனாலும் அணைக்கவில்லை, லோரியைச் சும்மா ஓடவிட்டேன், பதிவு செய்யாமல். நான் கோலாலம்பூருக்குப் போனால் இந்தப் பெட்டியும் என்னோடு பஸ் ஏறும். காலை வரை இது எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவுக்குத் தோன்றியிருக்குமா... தோன்றித்தான் அனுப்பு என்றாளா? சாயங்காலம் நனைந்து வந்து நிற்பாள், இன்னும் எவ்வளவு நேரம் ஓட்டுவாய் என்று கேட்பாள். இன்றைக்கு நான் என்ன சொல்வது?