குளிருக்குத் துடைத்த துப்பாக்கி

உள்ளே தோட்டா இல்லை. எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்க்க வேண்டும். தோட்டாப் பெட்டியைக் கழற்று. தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைப் பின்னால் இழு. எட்டிப் பார். சுண்டுவிரலை விட்டுப் பார். இன்னொரு முறை பார்.

இரண்டு மாதமாக எல்லாமே இப்படித்தான். அடுப்பில் விறகு போடு, காபி வை, பூட்ஸை மாட்டு என்று மனதுக்குள் சொன்னால்தான் கை நகர்கிறது. சொல்ல மறந்தால் நாற்காலியிலேயே இருந்துவிடுகிறேன்.

சமையல் மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து ஊர்ஹோவின் துப்பாக்கியைக் கிடத்தியிருந்தேன். ஊர்ஹோ என் கணவர். செப்டம்பரில் விறகு பிளந்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். நான் ஓடிப் போவதற்குள் முடிந்திருந்தது. அன்று நான் அழவில்லை. இன்றுவரை அழவில்லை. சர்ச்சில் எல்லாரும் சைமா திடமானவள் என்றார்கள். நானும் இல்லையென்று சொல்லவில்லை.

நாளை நவம்பர் பதினைந்து. மான் வேட்டை தொடங்குகிறது. ஊர்ஹோவின் தம்பி டாய்மி மதியம் வந்து துப்பாக்கியை எடுத்துப்போவான். காட்டுக்குள் அவர்களுடைய வேட்டைக் கூட்டத்தின் குடிசையில் ஒரு வழக்கம் உண்டு. அவர்களில் ஒருவர் இறந்தால் அவருடைய துப்பாக்கியிலிருந்து தோட்டாவைத் தட்டும் ஊசியை எடுத்துவிட்டு, கதவுக்கு மேலே இரண்டு மான்கால்களை அடித்து அவற்றில் அதை மாட்டிவிடுவார்கள். அப்புறம் யாரும் அதைத் தொடமாட்டார்கள். அந்தக் கதவை நான் பார்த்ததில்லை. பெண்கள் அங்கே போவதில்லை. முப்பத்தொரு வருடமாக இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துப் பாஸ்டி சுட்டு, டப்பாவில் அடுக்கி, என் வீட்டு வாசலிலேயே கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

சுரங்க வேலையில் ஊர்ஹோவின் வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கிப் போயின. ஒவ்வொரு சுடுதலுக்கும் போல்ட்டை இழுக்க அந்தக் கையால் முடியாது. அதனால்தான் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் இந்தத் துப்பாக்கியை வாங்கினார். சோம்பேறித் துப்பாக்கி என்று குடிசையில் கேலி செய்வார்களாம். சின்னத் திருகாணிகளையும் அவரால் பிடிக்க முடியவில்லை. ஆகவே கழற்றுவது, துடைப்பது, பூட்டுவது எல்லாம் என் வேலையாயின. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. என்னையும் சொல்லச் சொல்லவில்லை.

அவருக்கு நீளமான கைகள். உடைந்த கட்டில் பலகையிலிருந்து இரண்டு பட்டைகள் அறுத்து, தோளில் பதியும் ரப்பருக்கும் கட்டைக்கும் நடுவே வைத்துத் திருகிக் கட்டையின் நீளத்தைக் கூட்டியிருந்தேன். ஒவ்வொரு அக்டோபரிலும் மணல்குழிக்குப் போய்க் குறி பார்ப்போம். அவர் மூன்று சுடுவார். பிறகு நான் என் அளவுக்குப் பட்டைகளைக் கழற்றியதும், "இப்ப நீ" என்பார். நானும் மூன்று சுடுவேன். இந்த அக்டோபரில் நாங்கள் போகவில்லை.

குழலுக்குள் தூரிகையை விட்டு இழுத்தேன். துணி கறுப்பாக வந்தது, அப்புறம் சாம்பல் நிறமாக, அப்புறம் வெள்ளையாக. புகை போகும் சின்னத் துளையில் படிந்த கரியைச் சுரண்டினேன். பட்டைகளுக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ரப்பரைக் கழற்றினேன். ஈரம் இல்லை. ரப்பரை மறுபடி திருகினேன். போல்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் தேய்த்து, அந்த எண்ணெயையும் உலர்ந்த துணியால் துடைத்து எடுத்தேன். எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகுதான் பார்த்தேன், பட்டைகள் இரண்டும் செய்தித்தாளின் மேலேயே கிடந்தன. மறந்துவிட்டேனா என்று யோசித்தேன். தெரியவில்லை.

டாய்மி பூட்ஸிலிருந்த பனியை வாசலில் உதைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"காபி வாசனை ரோட்டு வரைக்கும் வருது, சைமா. ரெடியா?"

"உக்காரு."

போல்ட்டை விரலால் தொட்டுப் பார்த்தான். "என்ன இது, வறவறன்னு இருக்கு? எண்ணெயே போடலியா?"

"துடைச்சிட்டேன்."

"எதுக்குத் துடைக்கிற? சுவத்துல தொங்கப்போற துப்பாக்கிக்குக் குளிரா அடிக்கப்போகுது? கொழகொழன்னு போட்டுவிடு. ஐம்பது வருஷம் துருப்பிடிக்காது."

"போன வருஷமும் அப்படித்தானே போட்ட."

அவன் கை நின்றது. போன வருடம் வேட்டைக்கு முந்தின நாள் குடிசையில், உதவி செய்கிறேன் என்று இவன்தான் அரை டப்பா எண்ணெயை ஊற்றியிருந்தான். விடிந்தபோது பூச்சியத்துக்குக் கீழே இருபது டிகிரி. எண்ணெய் மெழுகாக இறுகி, போல்ட் பாதியில் நின்றுவிட்டது. பெரிய கொம்புள்ள ஆண்மான் ஒன்று ஊர்ஹோவை நின்று பார்த்துவிட்டு நடந்தே போனதாம்.

"சொல்லிட்டானா?" என்றான் டாய்மி. "குடிசையில வாயே திறக்கல. நாங்க எல்லாரும் அவனைப் போட்டு ஓட்டிக்கிட்டிருந்தோம். மானுக்குக் கை காட்டி வழியனுப்பிட்டான்னு."

"என்கிட்ட மட்டும் சொன்னாரு. அந்த மெழுகைச் சுரண்டி எடுத்தது நான்தான். எப்பவுமே நான்தான்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு துப்பாக்கியைப் பார்த்தான். சங்கடத்தை மறைக்கவோ என்னவோ, அதைத் தூக்கித் தோளில் வைத்தான். முழங்கை மடங்கி நெஞ்சில் இடித்தது.

"அடப்பாவி, ஊர்ஹோ குள்ளனாயிட்டானா!" சிரித்தவன் மேஜையில் கிடந்த பட்டைகளைக் கண்டான். சிரிப்பு நின்றது. "இதை மறுபடி மாட்டிக் குடு, சைமா. அண்ணன் அளவிலேயே இருக்கட்டும். அந்த ஊசியையும் எடுத்துடு. எங்களைவிட உனக்குத்தான் கைப்பழக்கம் போல."

திருப்புளியை என் பக்கம் தள்ளினான். எடு, என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். கை நகரவில்லை.

எழுந்துபோய் அடுப்படியிலிருந்து டப்பாவைக் கொண்டுவந்து வைத்தேன்.

"ஒம்பது பாஸ்டி இருக்கு. ஆறுறதுக்குள்ள கொண்டுபோய்ச் சேர்த்துடு."

"துப்பாக்கி?"

"அது இங்கேயே இருக்கட்டும்."

"சைமா, மான்காலெல்லாம் அடிச்சு வெச்சாச்சு. அவங்க எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க. நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்?"

கதவருகே ஆணியில் தொங்கிய ஊர்ஹோவின் ஆரஞ்சு நிற வேட்டைத் தொப்பியை எடுத்து டப்பாவின் மேல் வைத்தேன். "இதை மாட்டுங்க."

"தொப்பியையா? ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாரேன்."

"இல்ல, டாய்மி."

மெதுவாகத்தான் சொன்னேன். காலியான துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து பின்பக்கத்துக் குளிர் அறைக்குப் போனேன். மறுநாள் வேட்டைக்குப் போகிற துப்பாக்கியைச் சூடான வீட்டுக்குள் வைத்திருந்தால், மேலே விழும் பனி உருகி உறைந்துவிடும். முந்தின நாளே அது அங்கேதான் இருக்க வேண்டும்.