தெருப் பொதுவுக்கு வாங்கிய தட்டுகள்

தமிழ்நாடு முழுக்க பிளாஸ்டிக் தட்டுக்கும் கப்புக்கும் தடை வந்த வருஷம், நெய்வேலி டவுன்ஷிப்பில் செவ்வந்தி குடியிருந்த தெருவுக்கு வந்த முதல் கவலை, இனி விசேஷத்துக்கு எதில் சோறு போடுவது என்பதுதான்.

அந்தத் தெருவில் மாதம் தவறாமல் ஏதாவது ஒன்று நடக்கும். பிறந்தநாள், காதுகுத்து, பொங்கல் விழா, யாராவது ரிட்டயர் ஆனால் அதற்கொரு விருந்து. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் மரத்தடியில் பந்தி போடுவார்கள். முடிந்ததும் கோணி கோணியாக எச்சில் தட்டு குவியும். நாய்கள் இழுத்துப் போட்டது போக மிச்சத்தைச் சருகோடு சேர்த்துக் கொளுத்துவார்கள். அந்த நாற்றம் கொடியில் காயும் துணிகளில் எல்லாம் ஏறிக்கொள்ளும்.

செவ்வந்தி எதையும் ஒரு தடவை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போட மனசு வராதவள். பாத்திரம் தேய்க்கக் கடையில் விற்கிற ஸ்பாஞ்சு அவள் வீட்டில் கிடையாது, பீர்க்கங்கூடுதான். பழைய வேட்டிதான் கைதுடைக்கிற துணி, பழைய பாவாடைதான் காய்கறிப் பை. தெருவில் சிலர் அவளைக் கஞ்சம் என்பார்கள். அவள் கணவன் அறிவுச்செல்வன் நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் தொழிலாளி. "பர்மனென்ட் சம்பளம் வாங்கியும் ஏன்டி இப்படி" என்று அவள் காதுபடவே கேட்பார்கள். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

பொங்கல் விழாக் கூட்டத்தில் அவள்தான் எழுந்து சொன்னாள்.

"எவர்சில்வர் வாங்கிடுவோம். வூட்டுக்கு ஒரு பங்கு. வருஷா வருஷம் குப்பையில எறியற காசத்தான் கேக்கறேன். ஒரு தரம் போட்டா நம்ம புள்ளைங்க கல்யாணம் வரைக்கும் தட்டுச் செலவே கெடையாது."

முதலில் கை தூக்கியது பெரியநாயகி. தெருவில் மூத்தவள், பக்கத்து ஊரில் நிலபுலன் உள்ள குடும்பம். அவள் சரி என்றால் தெருவே சரி என்ற மாதிரி. செவ்வந்தி வீடு வீடாக ஏறி இறங்கிப் பங்கு வாங்கினாள். பிறகு அவளும் பெரியநாயகியும் பஸ் ஏறிப் பண்ருட்டிக்குப் போனார்கள். பாத்திரக் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாக வளைத்துப் பார்த்து, கனமானதாகப் பொறுக்கினார்கள். எல்லாவற்றிலும் 'தெருப் பொது' என்று பேர் வெட்டச் சொன்னார்கள். வெயிலில் அலைந்த களைப்புக்குப் பெரியநாயகிதான் இரண்டு பேருக்கும் கரும்புச்சாறு வாங்கித் தந்தாள். அவள் வீட்டு ஷெட் ஒழுகாது என்பதால் தட்டும் டம்ளரும் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

அதற்குப் பிறகு தெருவில் நடந்த விசேஷங்கள் எல்லாம் அந்தத் தட்டுகளில்தான். குப்பை இல்லை, கொளுத்தல் இல்லை. செவ்வந்தியைக் கஞ்சம் என்று சொன்னவர்களே அடுத்த தெருவில் போய் அந்தத் தட்டுகளைப் பற்றிப் பெருமை பேசினார்கள்.

ஆடி முடிந்து ஆவணியில் செவ்வந்தியின் தங்கை அபிக்கு வளைகாப்பு வந்தது. முத்தாண்டிக்குப்பம் பக்கத்துக் காலனியில் அவர்கள் அம்மா வீடு சின்னது. அதனால் தன் குவார்ட்டர்ஸிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று செவ்வந்தி சொல்லிவிட்டாள். தெருவில் எல்லாருக்கும் குங்குமம் கொடுத்து அழைத்தாள். வளைகாப்புக்கு முந்தின வாரமே பெரியநாயகி வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, ஷெட்டு சாவி குடுங்க. சனிக்கெழமையே தட்ட எடுத்துக்கினு போயிடறேன்."

பெரியநாயகி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எதுக்குடி அம்மாம் பாரம் தூக்கற? பாக்குமட்டத் தட்டு வாங்கிக்கயேன். அதுவும் மண்ணுல மக்கிப் போறதுதான். காசு வேணும்னா நானே தர்றேன்."

"இருக்கற தட்ட வுட்டுட்டு எதுக்குக்கா புதுசா வாங்கணும்?"

"உங்க ஊருலேருந்து சனம் நெறைய வரும் இல்ல?"

"வேன் வச்சிக்கினு வர்றாங்க. இருக்கற தட்டு பத்தும்க்கா."

"பத்தாதுன்னு நான் சொல்லல." பெரியநாயகி ஒரு தண்டை ஒடித்துப் போட்டாள். "நாளைக்கு அந்தத் தட்டுலதான நாங்களும் சாப்புடணும். நான் அதெல்லாம் பாக்கற ஆளு இல்ல. தெருவுல நாலு பேரு பாப்பாங்க இல்ல?"

செவ்வந்திக்கு அப்போதுதான் உறைத்தது. கூடவே பஸ்ஸில் வந்தவள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாறு குடித்தவள். தன்னையும் தன் கணவனையும் தெரு பொறுத்துக்கொள்ளும், காலனியிலிருந்து வரும் தன் சனத்தைப் பொறுத்துக்கொள்ளாது போலிருக்கிறது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது கோபம்தான்.

"எந்த நாலு பேருக்கா? பேரச் சொல்லுங்க."

"அதெல்லாம் எதுக்குடி இப்போ..."

"நீங்க சொல்ல வேணாம். நானே கேட்டுக்கறேன்."

ராத்திரி சாப்பாட்டில் அறிவுச்செல்வனிடம் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டான்.

"வுட்டுடு செவ்வந்தி. பாக்குமட்டயே வாங்கிக்கலாம். தனகோடி அண்ணன்கூடத்தான் நான் ஷிப்ட்டுல நிக்கணும்." தனகோடி பெரியநாயகியின் கணவர்.

"நீங்க போயி நில்லுங்க. அவரு மூஞ்சப் பாத்தே நில்லுங்க. நம்ம காசு அந்தத் தட்டுல இல்லியா? நான் அலைஞ்ச அலைச்சல் இல்லியா? எங்க அம்மா மட்டைத் தட்டுல தின்னுட்டுப் போவணும், எவர்சில்வரு அவங்களுக்கு மட்டுமா? அப்படி ஒரு வளைகாப்பு என் வூட்டுல நடக்காது."

அவன் சாப்பிட்டு முடித்து எழும்போது, "நானும் வரட்டுமா?" என்று மட்டும் கேட்டான்.

"வேணாம். நான் கேக்கறதுதான் சரி."

மறுநாள் சாயங்காலம், பங்கு வாங்க எப்படி வீடு வீடாக ஏறினாளோ அப்படியே ஏறினாள். எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்.

"எங்க சனம் சாப்புட்ட தட்டக் கழுவி வச்சா, நீங்க அதுல சாப்புடுவீங்களா, மாட்டீங்களா? சுத்தி வளைக்க வேணாம். ஒரு வார்த்த."

முதல் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இந்தக் காலத்துல யாரும்மா அதெல்லாம்..." என்று இழுத்தார்.

"சாப்புடுவீங்கதான?"

"சாப்புடுவோம்மா."

அடுத்த வீட்டில் நந்தினி. கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம்தான். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, வூட்டுல அவருதான்..." என்று உள்ளே திரும்பிப் பார்த்தாள். டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. அவள் கணவன் ஜெயப்பிரகாஷ் உள்ளே இருந்தபடியே, "சாப்புடுவோம்னு சொல்லு" என்றான். ஆனால் வெளியே வரவில்லை.

சுப்புலட்சுமி திருநெல்வேலிக்காரி, சத்தமான பேச்சு. "நான் மாட்டேன்னு எந்த மூதி சொன்னா? ஏளா, யாரு சாவி வச்சிருக்கா? வா, நானும் வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். செவ்வந்தி வேண்டாம் என்று சொல்லியும் அவள் கேட்கவில்லை.

கடைசி வீடு வரைக்கும் ஒருத்தர் வாயிலிருந்தும் மாட்டேன் என்று வரவில்லை. சிலர் மழுப்பினார்கள், சிலர் கேட்டுக்குப் பின்னாலேயே நின்று பதில் சொன்னார்கள். உள்ளுக்குள் என்ன நினைத்தார்களோ, வெளியே சொல்லத் துணிவில்லை. செவ்வந்திக்கு அது போதும்.

பெரியநாயகி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். தெருவில் இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடிக்குக் கேட்கும்.

"எல்லார் வூட்டுலயும் கேட்டுட்டேங்க்கா. எல்லாரும் சாப்புடறேன்னுட்டாங்க. நீங்க சொன்ன அந்த நாலு பேர மட்டும் காணோம்." செவ்வந்தி இன்னும் நெருங்கிப் போய் நின்றாள். "நீங்க ஒருத்தர்தான் பாக்கி. மாட்டேன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. நான் திரும்பிப் போயிடறேன்."

பெரியநாயகி சுப்புலட்சுமியைப் பார்த்தாள். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து, காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தாள்.

"கையில குடுங்க" என்றாள் செவ்வந்தி.

"எடுத்துக்கயேன்டி."

"கையில குடுங்கக்கா."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பெரியநாயகி சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவமானமா ஆத்திரமா என்று செவ்வந்திக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவள் விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்து நின்றது. புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம் எல்லாம் அண்டாக்களில் நிறைந்திருந்தன. அபியின் கன்னத்தில் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். முதல் பந்தியில் செவ்வந்தியின் அம்மா பக்கத்தில் சுப்புலட்சுமி உட்கார்ந்து, புளிசாதத்தை இன்னொரு தரம் கேட்டு வாங்கினாள். நந்தினி கடைசிப் பந்தியில் வந்து சாப்பிட்டாள். ஐந்தாறு பேர் வளையல் போட்டுவிட்டு, ஷிப்ட் இருக்கிறது என்று சொல்லி நழுவினார்கள். பெரியநாயகி வரவில்லை. தனகோடி வந்தார். ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு நேராக வந்தவர், தட்டை எடுத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து, தலை குனிந்தபடி சாப்பிட்டு, அறிவுச்செல்வன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

நடந்த எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. "நல்ல கனமான தட்டும்மா" என்று மட்டும் சொன்னாள்.

பத்து நாள் கழித்து நந்தினி தயங்கித் தயங்கி வந்தாள். பெரியநாயகி தன் பங்குக் காசைத் திருப்பிக் கேட்கிறாளாம்.

"காசு ஏது? காசெல்லாம் தட்டா மாறிப்போச்சே" என்றாள் செவ்வந்தி. வளைகாப்பு முடிந்தும் தன் வீட்டிலேயே இருந்த தட்டுகளிலிருந்து, பெரியநாயகி பங்குக்கு வரவேண்டிய தட்டையும் டம்ளரையும் பிரித்துத் துடைத்து, பழைய வேட்டியில் மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். பெரியநாயகி வீட்டு வாசலில் இறக்கினாள்.

"இந்தாங்கக்கா உங்க பங்கு."

"இத வச்சிக்கினு நான் என்னாடி பண்றது?"

"சோறு போட்டுச் சாப்புடுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். மூட்டை அன்றைக்கு முழுக்க வாசலிலேயே கிடந்தது. மறுநாள் காலையில் பால் வாங்கப் போனபோது அதைக் காணவில்லை. உள்ளே எடுத்துப் போனது யார் என்று அவள் விசாரிக்கவில்லை.

மிச்சத் தட்டுகள் செவ்வந்தி வீட்டுப் பின்னறையிலேயே தங்கிவிட்டன. மூன்று நான்கு வீடுகள் தட்டு கேட்பதை நிறுத்திவிட்டு, பாக்குமட்டைக்கும் வாடகைப் பாத்திரத்துக்கும் காசு கொட்டின. மற்றவர்கள் வந்தார்கள், எடுத்துப்போனார்கள், தேய்த்துக் கொண்டுவந்து அடுக்கினார்கள். அடுத்த தெருவிலிருந்துகூடக் கேட்டு வந்தார்கள்.

ஒருநாள் தட்டுகளை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தபோது அறிவுச்செல்வன் கேட்டான்: "தனகோடி அண்ணன் அடுத்த வருஷம் ரிட்டயர்டு. விருந்து வைப்பாங்க. அந்த அக்கா வந்து தட்டு கேட்டா குடுப்பியா?"

செவ்வந்தி ஒரு தட்டைத் திருப்பி வைத்தாள்.

"குடுப்பேன். ஆனா சொல்லி அனுப்பக் கூடாது. இந்த வாசல்ல வந்து நின்னு, என் பேரச் சொல்லிக் கூப்புட்டுக் கேக்கணும். வர்ற சனம் எல்லாத்துக்கும் இதே தட்டுலதான் சோறு போடணும். எங்க அம்மாவையும் கூப்புடணும்."