காப்பிக் களத்தில் இரண்டு மாஸ்டர்கள்

கிளியூர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்று மருத்துவ முகாமில் தெரிந்ததும், மேனேஜர் இரண்டு பயிற்சியாளர்களை ஏற்பாடு செய்தார். ஏற்காடு பஜாரில் ஜிம் வைத்திருந்த ஜீவானந்தத்துக்குத் திங்களும் புதனும். லாட்ஜ் விருந்தாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துவந்த மேகலாவுக்குச் செவ்வாயும் வியாழனும். இடம், காப்பி காயப்போடும் களம்.

முதல் வாரமே இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. வேர்வைதான் மருந்து, அழுதாலும் விடக்கூடாது என்பது ஜீவானந்தத்தின் கட்சி.

"நாளெல்லாம் சரிவுல ஏறி எறங்கறவங்களுக்கு இன்னும் எதுக்குங்க ஓட்டம்? மொதல்ல என்ன திங்கறாங்க, எவ்வளவு தூங்கறாங்கன்னு பாருங்க" என்பாள் மேகலா.

அவள் வகுப்பில் மூட்டுக்கும் முதுகுக்கும் மெதுவான பயிற்சி, பிறகு சோற்றைக் குறை, பயறைக் கூட்டு என்று பேச்சு. பெண்கள் கொட்டாவி விட்டார்கள். ஜீவானந்தம் பாட்டுப் போட்டான், செல்போனில் படம் பிடித்தான். எல்லோர் முன்னாலும் எடை பார்த்து, கனத்தவளை 'மூட்டை' என்று கூப்பிட்டான். மூட்டை அடுத்தவளாக இருந்தவரை எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் நாள் மூட்டை சென்னம்மாள். வயது ஐம்பத்து நாலு. இரண்டே மாதத்தில் ஏழு கிலோ குறைந்தாள். ஜீவானந்தம் அவளை நாற்காலிமேல் ஏற்றி நிறுத்தி எல்லோரையும் கைதட்ட வைத்தான். பிறந்ததிலிருந்து அவளுக்காக யாரும் கைதட்டியதில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் புருஷன் வேடியப்பனிடம் அதை மூன்று தரம் சொன்னாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் நொண்டுவதை மேகலா பார்த்தாள். ஷூவைக் கழற்றச் சொன்னாள். இடது கட்டைவிரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்து ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண்.

"வலிக்குதுங்களாக்கா?"

"இல்ல கண்ணு. ஒண்ணுமே தெரியல."

"வலிக்காததுதாங்க பயம். சர்க்கரையில காலு மரத்துப்போச்சு. இனி ஓடாதீங்க. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

சென்னம்மாள் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. களத்துக்குப் போய் ஜீவானந்தத்திடம் சொன்னாள். அவன் பாட்டை நிறுத்தினான்.

"கேட்டீங்களா? ஒரு கொப்புளத்துக்கு ஆஸ்பத்திரியாம்! மேகலா மேடம் உங்க எல்லாரையும் கட்டில்ல படுக்க வெச்சுத்தான் விடுவாங்க."

இடுப்பில் கைவைத்து, மேகலா குனிந்து நிமிர்வதுபோல் முனகிக்கொண்டே நடித்துக் காட்டினான். களமே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் சென்னம்மாள். பிறகு ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டு எட்டுச் சுற்று ஓடினாள். அந்தக் கூத்தை யாரோ பிடித்திருந்த வீடியோ சாயங்காலத்துக்குள் மேகலாவின் செல்போனுக்கும் வந்துவிட்டது. மேகலா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள், சென்னம்மாளின் வாய் திறந்திருந்த இடத்தில் நிறுத்தி நிறுத்தி.

அடுத்த வாரம் சென்னம்மாள் மேகலாவின் வகுப்புக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, வேடியப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு மேகலாவின் வீட்டு வாசலுக்கே வந்தாள். கால் ஷூவுக்குள் நுழையாமல் துணி சுற்றியிருந்தது.

"செத்தப் பாரு கண்ணு. காய்ச்சலாட்டம் இருக்குது. மாஸ்டரு உப்புத்தண்ணியில வெக்கச் சொன்னாரு."

துணியை அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. வாசலிலேயே நாற்றம் வந்தது. கால் அழுகிவிட்டது என்று மேகலாவுக்கு விளங்கியது. பக்கத்து வீட்டில் ஜீப் நின்றிருந்தது, சேலம் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம்.

"அன்னிக்கு நல்லாச் சிரிச்சீங்களேக்கா. அவருகிட்டயே போய்க் காட்டுங்க" என்றாள். கதவைச் சாத்தினாள்.

 சென்னம்மாள் காலை இழுத்து இழுத்து இறங்கிப் போவது கேட்டது. ஒரு நாள் பட்டால்தான் தெரியும், நாளைக்கு நாமே ஜீப் பேசி அனுப்பலாம் என்று மேகலா நினைத்துக்கொண்டாள். மறுநாள் லாட்ஜில் இருபது பேர் வந்திறங்கினார்கள். அவள் போன்கூடப் பண்ணவில்லை.

செவ்வாய் விடியும்போது சென்னம்மாளுக்கு நினைவில்லை. சேலத்தில் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள்.

"நான் சொன்ன மாதிரி சுத்தமா வெச்சிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று ஜீவானந்தம் களத்தில் கேட்டான். பெண்கள் அவனைக் குறை சொல்லவில்லை. மேகலா வாய் வைத்தால் பலித்துவிடுகிறது என்று பேசிக்கொண்டார்கள். வியாழக்கிழமை அவள் வகுப்புக்கு மூன்று பேர் வந்தார்கள், அடுத்த வாரம் ஒருவரும் இல்லை. மேனேஜர் நான்கு நாளையும் ஜீவானந்தத்துக்கே கொடுத்துவிட்டார்.

மேகலா சேலத்துக்குப் போனாள். மன்னிப்புக் கேட்க பஸ்ஸிலேயே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். வாங்கிவந்த ஆரஞ்சுப் பையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சென்னம்மாள்தான் முதலில் பேசினாள். "நீ சொன்னது நெசம் கண்ணு."

"அக்கா, அன்னிக்கு நானு..."

"அந்தாளுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாதவன்மேல எனக்கு நொம்பக் கோவமில்ல. உனக்குத் தெரியுமே சாமி. தெரிஞ்சுதான கதவச் சாத்துன?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.  வேடியப்பன் எழுந்து, அந்த ஆரஞ்சுப் பையை எடுத்து மேகலாவின் கையிலேயே கொடுத்தார்.

"ஏற்காடு பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றார் மரியாதையாக. "பொறப்படுங்க."