ஐந்துக்குப் பதில் பத்து

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மலையேறப் போவதில் கொஞ்சமும் மனமில்லை. தோழிகள் இருவரும் விடவில்லை. காலை ஏழு மணிக்கே வந்து நின்று, கம்பளித் தொப்பியை அவள் தலையில் மாட்டி, கையோடு இழுத்து வந்துவிட்டார்கள். ஒருத்தி கணக்கு டீச்சர். இன்னொருத்திக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே குட்டை என்று பெயர். எந்த வாசலிலும் குனிந்து நுழைகிற உயரத்துக்காக வைத்த பெயர்.

பாதை நெடுக உறைபனி. காலடியில் புல் நொறுங்கியது. டீச்சர் மூச்சு வாங்க வாங்கத் தலைமையாசிரியரைத் திட்டிக்கொண்டே ஏறினாள். மருந்துக்கடைக்காரி எதையும் காதில் வாங்கவில்லை. பத்தடிக்கு ஒரு தரம் கைப்பேசியை எடுத்தாள், சிக்னல் இல்லையென்று பார்த்தாள், பைக்குள் போட்டாள், மறுபடி எடுத்தாள்.

“அதை என்கிட்ட குடு. பள்ளத்துல வீசிடறேன்,” என்றாள் குட்டை. “என்னடி ஆச்சு உனக்கு?”

அப்போதுதான் சொன்னாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் தலை நிமிர முடியாத கூட்டம். இரத்த அழுத்த மாத்திரை ஒன்று ஐந்து மில்லிகிராம், பத்து மில்லிகிராம் என்று இரண்டு அளவில் வருகிறது. பெட்டி இரண்டும் ஒரே நீலம். மறுநாள் அலமாரியைச் சரிபார்த்தபோது ஐந்தில் ஒரு பெட்டி கூடுதல், பத்தில் ஒன்று குறைவு. ஐந்து வாங்க வந்த யாருக்கோ பத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

அன்றைக்கு ஐந்து வாங்கியவர்கள் நான்கு பேர். இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டாயிற்று, சரியாக இருந்தது. மற்ற இருவர் எண் கொடுக்கவில்லை. சீட்டில் இருந்த பெயர்களில் ஊருக்குள் நூறு பேர் இருப்பார்கள். ஒருவரை மட்டும் நன்றாக நினைவிருந்தது: காதை மூடும் சிவப்புத் தொப்பிக்காரர், மாத்திரையைக் காப்பியோடு விழுங்கலாமா என்று கேட்டவர். இன்னொருவர் ஆணா பெண்ணா என்றுகூட நினைவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு, கடைக் கதவில் தன் எண்ணை எழுதி ஒட்டிவிட்டு வந்திருந்தாள்.

“ரெண்டு மடங்கு போட்டா என்ன ஆகும்?” என்றாள் டீச்சர்.

“ஆளைப் பொறுத்தது. தலை சுத்தும். மாடிப்படியில நிக்கும்போது சுத்தினா?”



“நான் இறங்கறேன். யாராவது கூப்பிட்டா என்ன பண்றது, இங்க சிக்னலே கிடைக்கலையே,” என்று அவள் திரும்பப் போனாள். அந்த நேரம் மேலேயிருந்து பனிமூட்டத்துக்குள் ஒரு சிவப்புத் தொப்பி இறங்கி வந்தது. பின்னாலேயே அவர் மனைவி, கையில் ஊன்றுகோலோடு.

மருந்துக்கடைக்காரி பாதையை மறித்து நின்றாள். “சார், வெள்ளிக்கிழமை மருந்து வாங்கினீங்களே, ஞாபகம் இருக்கா?”

“காப்பியோட வேண்டாம்னு சொன்ன பொண்ணு,” என்றார் அவர் சிரித்தபடி.

“காப்பியோடதாம்மா முழுங்கறார்,” என்றாள் மனைவி. “நல்லாக் கேளு.”

“அந்தப் பெட்டி கையில இருக்கா சார்? தப்பானதைக் குடுத்துட்டேனோன்னு பயமா இருக்கு.”

அவர் சிரிப்பு நின்றது. இடுப்புப் பையைத் திறந்து நீலப் பெட்டியை எடுத்தார். மரத்துப்போன விரல்களால் அவள் அட்டையை உருவிப் பார்த்தாள். ஐந்து. திருப்பிப் பார்த்தாலும் ஐந்து.

“சரியாத்தான் இருக்கா?”

“சரியாத்தான் இருக்கு சார்.” இவர் இல்லையென்றால் முகம் தெரியாத அந்த இன்னொருவர்.

விஷயத்தைக் கேட்டுக்கொண்ட அவர் யோசித்தார். “எனக்கு முன்னாடி நின்ன அம்மாவா இருக்கும். அவங்களும் இதே மாத்திரைதான். ரெண்டு பேரும் பிரஷரைப் பத்தித்தான் பேசிக்கிட்டு நின்னோம்.”

“யாரு சார் அவங்க?”

“தையல்காரம்மா. நான் போட்டிருக்கிற இந்தக் கால்சட்டையை வெட்டித் தைச்சவங்க.”

“நம்பர் இருக்குமா?”

“இல்லாமலா?” என்றாள் மனைவி. “தைச்சாச்சா தைச்சாச்சான்னு நாளைக்கு நாலு தடவை கூப்பிட்டு அவங்க உயிரை எடுத்தாரே. ஆனா சிக்னலுக்கு உச்சிப் பாறைக்குத்தான் போகணும். பத்து நிமிஷ ஏத்தம். கீழ போறதுன்னா ஒரு மணி நேரம்.”

இறங்கத் துடித்தவள் எண்ணைக் குறித்துக்கொண்டு மேலே ஓடினாள். பனியில் ஒருமுறை சறுக்கி முழங்கால் சிராய்த்தது. குட்டை சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். உச்சிக்காற்றில் காது வலித்தது. நான்காவது முறை மணி அடித்ததும் எடுத்தார்கள்.

“அம்மா, நான் மருந்துக்கடையிலேர்ந்து பேசறேன். உங்க மாத்திரை அட்டையில என்ன நம்பர் போட்டிருக்கு?”

“இரும்மா, எழுந்து எடுக்கணும். நேத்திலேர்ந்து எழுந்தாலே தலை கிறுகிறுங்குது. குளிருன்னு நெனச்சேன்.”

“எழுந்துக்காதீங்க. வீட்டுல வேற யாரு இருக்கா?”

மகள் வந்து பார்த்துச் சொன்னாள்: பத்து.

“உட்கார வச்சே உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இன்னிக்குப் போட வேண்டாம். ஐந்துக்குப் பதில் பத்து குடுத்துட்டாங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க.”

“குடுத்தது யாரு?” என்றாள் மகள்.

“நான்தான்.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. காற்றா, கோபமா என்று தெரியவில்லை.

கீழே வந்து ஆஸ்பத்திரியைச் சேரும்போது மதியம் ஆகியிருந்தது. தையல்காரம்மாவுக்கு அழுத்தம் இறங்கியிருந்ததாம், படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். மகள் அவள் பக்கமே திரும்பவில்லை. தையல்காரம்மாவுக்கு வேறு கவலை: மறுநாள் காலையில் கொடுக்க வேண்டிய பள்ளிச் சட்டைகள் இருபது, ஒன்றிலும் பொத்தான் இல்லை.

“நாங்க தைக்கறோம்,” என்றாள் மருந்துக்கடைக்காரி.

“தெரியுமா?”

“பொத்தான் தைக்கத் தெரியும்மா.”

மூவரும் தையல்காரம்மா வீட்டு முன்னறையில், துணிக்குவியலுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். டீச்சருக்கு நூலே கோக்க வரவில்லை. தையல்காரம்மா கட்டிலில் படுத்தபடியே ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்தார். மருந்துக்கடைக்காரி தைத்த முதல் சட்டையில் இரண்டு பொத்தானைப் பிரித்து மறுபடி தைக்கச் சொன்னார்.

பத்தாவது சட்டையில் இருக்கும்போது முதலாளி போனில் கூப்பிட்டார். “நாளைக்கு ஏழு மணிக்கே வந்துடு. அந்த அலமாரியில அஞ்சையும் பத்தையும் பிரிச்சு வைக்கணும். மத்ததை நேர்ல பேசிக்கலாம்.”

மத்தது என்றால் என்ன என்று கேட்க வாயெடுத்தாள். அவர் வைத்துவிட்டார். மகள் அடுத்த சட்டையை அவள் மடியில் கொண்டுவந்து போட்டாள்.