பின்கதவின் கைப்பிடி

அன்று ஆய்வுக்கூடத்தில் மூன்று பேர் இருந்தோம். கணினித் திரைக்கு முன்னால் மேடம். சேற்றுப் புட்டிகளைக் கொண்டுவந்த படகுக்காரர் குளிர்பெட்டியோரம். கதவுப் பக்கம் நான். ஜன்னலருகே இருப்பது அத்தானின் நாற்காலி. அதில் யாரும் உட்காருவதில்லை.

ஏரியில் என்னென்ன பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன என்று கணக்கெடுப்பது எங்கள் வேலை. சேற்றிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்துப் படித்தால் யார் யார் என்று தெரிந்துவிடும். எங்கள் கைக்கிருமிகள் கலந்துவிட்டால் பட்டியலிலிருந்து கழிப்பதற்காக, வேலைக்குச் சேரும்போதே எல்லோருடைய உள்ளங்கையையும் பஞ்சால் துடைத்துப் பதிந்துவைப்போம். அத்தானுடையதும் இருக்கிறது. போன மழைக்காலத்தில் சேறெடுக்க முக்குளித்தவர் மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அவர் கூப்பிட்டால் எடுக்க வேண்டுமே என்று அக்கா வேறு யாரிடமும் போனில் பேசுவதில்லை. எதுவானாலும் கடிதம்தான். "பின்கதவுக் கைப்பிடி காலையில ஈரமா இருக்குடா. அவர்தான்னு மனசு சொல்லுது. இல்லைன்னா சொல்லிடு, பொண்ணு வீட்டுக்குப் போயிடறேன். அவர்தான்னா தாழ்ப்பாள் போடாம வைக்கணும்."

அவளைச் சமாதானப்படுத்தத்தான் பஞ்சுக்குச்சிகள் அனுப்பினேன். கைப்பிடியின் வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று துடைத்து அனுப்பியிருந்தாள்.

மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெளிப்பக்கம் அவர் கைதான்பா. அவர் வீட்டுக் கதவுதானே, பழசா இருக்கும்."

"போன மாசம் மாத்தின கைப்பிடி மேடம்."

"கூடவே ஏரி அடிச்சேத்துக் கூட்டமும் இருக்கு. இதுங்களுக்குக் காத்தே ஆகாது. கதவுல எப்படி..."

"உள்பக்கம்?"

"வேற கை. உங்க அக்காவா இருக்கும். அவர் இல்ல."

படகுக்காரர் ஒரு புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே, "சாவிய வீட்லயே விட்டுட்டு முங்கினவர்தானே," என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"கழிச்சிடவா?" என்றார் மேடம்.

தலையாட்டினேன். பட்டியலிலிருந்து அத்தான் மறைந்தார். அடிச்சேறு மட்டும் நின்றது.

அங்கேயே காகிதம் எடுத்து எழுதினேன்.

"அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. நலம். அது அவர் இல்லை, வெறும் பனி. இந்தக் கடிதம் கண்டதும் பெண் வீட்டுக்குப் புறப்படு. அதுவரை பின்கதவைத் தாழ் போட்டே வை. போகும்போது முன்வாசல் வழியாகப் போ."

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. உறையில் பசை தடவி, ஓரங்களை இரண்டு முறை அழுத்தி ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டேன்.