ஒரு பிராசசரும் ஒரு கொசுறும்

1

மனிதன் இதுவரை செய்ததிலேயே நுட்பமான பொருளின் விலை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டால் இன்னும் குறையும்.

தில்லி நேரு பிளேஸில் மாடிப்படிக்குக் கீழே குல்பூஷண் நாரங்கின் கடை. பழைய லேப்டாப்களிலிருந்து கழற்றிய பிராசசர்கள் அங்கே ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். தில்லியின் தலைகளையெல்லாம் எண்ணி முடித்து, அதைப் போல இன்னும் முப்பது தில்லிகளை எண்ணினாலும் அதற்குள் இருக்கும் ஸ்விட்சுகளின் கணக்கு தீராது. நாரங் அதை எடுத்துச் சட்டையில் துடைத்து, "எடுத்துக்குங்க ஜி, ஒரே வாரம் ஓடின சரக்கு" என்பார். எல்லாமே ஒரே வாரம் ஓடின சரக்குதான்.

இந்தக் கதை எனக்கு அங்கேதான் கிடைத்தது. வாங்கவில்லை, கொசுறாக வந்தது. நான் போனது ஒரு சார்ஜருக்கு. ஐநூறு என்றார், நானூற்றைம்பதுக்குக் கொண்டுவந்தேன். பேரம் படிந்ததும் எதையாவது சும்மா கொடுக்காவிட்டால் நாரங்குக்குச் சாப்பாடு இறங்காது. அன்றைக்குத் திரை துடைக்கும் துணி தீர்ந்திருந்தது. அதனால் உட்காரவைத்து டீ சொல்லி, கதையைக் கொடுத்தார்.

2

ஆரம்பங்கள்:

'மழை ஓய்ந்த ஒரு மாலையில் அந்தக் கறுப்பு லேப்டாப்' (அடித்தாயிற்று. நடந்தது மே மாதம். நாரங் மழையைச் சொல்லவே இல்லை.)

'ஒரு இயந்திரம் யோசிக்கும்போது ஏன் சூடாகிறது என்று நீங்கள் எப்போதாவது' (கட்டுரையாகப் போகிறது. ஆனாலும் கேள்வியை மனசு விடவில்லை. யோசனைக்கு எடை கிடையாது, நிறம் கிடையாது. சூடு மட்டும் உண்டாம்.)

கதாநாயகியைப் பற்றியும் எனக்குச் சந்தேகம். முதல் பிரதியில் அவரை ஓய்வுபெற்ற பேராசிரியராக்கி வைத்திருந்தேன். கண் தெரியாத வக்கீல், அதுவும் முப்பத்தைந்து வயதுப் பெண் என்றால், நான் வாசகரின் கண்ணீருக்கு வலை போடுகிறேன் என்று நினைப்பீர்களே என்ற பயம். நாரங்கிடமே கேட்டேன்.

"நிஜமாவே பார்வை இல்லாதவங்களா?"

"போணி நேரத்துல வந்து என்கிட்ட முந்நூறு ரூபா குறைச்சுட்டாங்க. பார்வை இல்லாதவன் நான்தான்."

பேராசிரியரை அப்போதே அனுப்பிவிட்டேன்.

3

ஷட்டர் பாதி ஏறும்போதே நிக்கத் ரிஸ்வி வந்து நின்றார். கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கோல், தோளில் பை. முதல் வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்பது நாரங்கின் நம்பிக்கை. அது தெரிந்துதான் அவர் அந்த நேரத்துக்கு வருகிறார் என்பதும் நாரங்குக்குத் தெரியும்.

"நாரங்ஜி, இந்த மெஷின் கோர்ட்டுல என் மானத்தை வாங்குது."

"என்ன பண்ணுச்சு?"

"ஒரு காதுல வயரு. அது வழியா மெஷின் கேஸ் கட்டைப் படிச்சுச் சொல்லச் சொல்ல நான் வாதாடணும். போன வாய்தாவுல ஃபேன் போட்ட சத்தத்துல ஜட்ஜ், 'வெளியில யாரு ஆட்டோ ஸ்டார்ட் பண்றது'ன்னு கேட்டாரு. அப்புறம் சூடாகி அணைஞ்சே போச்சு. பாதி வாக்கியத்துல நின்னேன். எதிர்க்கட்சி வக்கீல் தண்ணி வேணுமான்னு கேட்டான்."

"அட, புதுசு ஒண்ணு வாங்கிடுங்களேன்."

"என் விரலுக்கு இதுதான் பழக்கம். வேகமா ஆக்குங்க, சத்தத்தைக் குறைங்க. நாளைக்குப் பத்தரைக்குக் கடைசி வாதம். ஒரு குடும்பம் வீட்டை விட்டு வெளியே போகுதா இல்லையாங்கறது அதுலதான் இருக்கு."

விரலுக்குப் பழக்கம் என்றால் அதே மாடல் வேண்டும் என்று நாரங் எடுத்துக்கொண்டார். (இந்த வரியை மறக்காதீர்கள். நாரங் மறந்துவிட்டார்.)

"பெரிய பிராசசர் போடுறேன். அது வேற அளவு சூடு, அதுக்குத் தடிமனான செம்புக் குழாய் வெச்ச ஃபேனும் வேணும். பிராசசர் மட்டும் ரெண்டாயிரத்து நூறு."

"யாருக்கு?"

"யாருக்குமே அதுதான்."

"அப்ப எனக்கு ஆயிரத்து எண்ணூறு."

"வக்கீல் சாஹிபா, இது நாலு மூளைக்காரன்."

"எதிர்த்தரப்புல ஆறு பேரு நாரங்ஜி. ஆறு மூளைக்கும் சேர்த்து இவ்வளவு ஆகாது."

நாரங் சிரித்துவிட்டார். சிரித்த வியாபாரி தோற்ற வியாபாரி.

4

கீபோர்டைக் கழற்றினால்தான் உள்ளே போக முடியும். கழற்றி ஓரமாக வைத்தார். ஃபேன் இறக்கைகளில் ஒன்பது வருஷத் தூசி கம்பளியாகப் படிந்திருந்தது. செம்புக் குழாயைத் தூக்கினார். பிராசசரின் மேல் தடவிய பசை காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. பக்கத்துத் திருகை அரைச்சுற்றுத் திருப்பினார். பூட்டு விட்டது.

"கையில கொடுங்க," என்றார் நிக்கத்.

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. அடிப்பக்கம் முழுக்க ஊசிகள், தொள்ளாயிரத்துக்கும் மேல். ஒன்று வளைந்தாலும் சரக்கு போச்சு. பழசானாலும் அதற்கு முந்நூறு ரூபாய் கிடைக்கும். ஆனாலும் நாரங் அதைக் கவிழ்த்து அவர் உள்ளங்கையில் வைத்தார். நிக்கத்தின் விரல் ஊசிகளின் மேல், தூங்கும் பூனையைத் தொடுவதுபோல் போயிற்று.

"ஒன்பது வருஷமா என் கேஸ் எல்லாம் இதுக்குள்ளயா இருந்துச்சு?"

"இதுக்குள்ள எதுவும் தங்காது. வந்து வந்து போகும், அவ்வளவுதான்."

"எங்க கோர்ட் மாதிரி."

"இல்ல. இது முடிச்சு அனுப்பும்."

(இங்கே நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். மணலை உருக்கி அதில் யோசனையை ஓடவிட்ட மனித இனம், கட்டைவிரல் அகலத்தில் முப்பது தில்லி, இப்படியெல்லாம். எடுத்துவிட்டேன். அந்த விரல் போன விதத்துக்குப் பக்கத்தில் என் பத்தி சத்தமாக இருந்தது.)

சாயங்காலம் வருவதாகச் சொல்லி அவர் போனார்.

5

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. பழைய கீபோர்டை மாட்டப் போகும்போதுதான் நாரங் அதைப் பார்த்தார். எழுத்தெல்லாம் தேய்ந்து, சில கீகளின் மேல் பசையோ என்னவோ சொட்டுச் சொட்டாகக் காய்ந்து, பார்க்கவே சகிக்கவில்லை. அதே மாடலில் புத்தம் புதிய கீபோர்டு ஒன்று அலமாரியில் இருந்தது. போணி வாடிக்கையாளர், நாளைக்குப் பெரிய கேஸ், பாவம். கொசுறாக இருக்கட்டும்.

புதியதை மாட்டினார். பழையதைக் கழிவு மூட்டையில் போட்டார். நாலு மணிக்கு வண்டி வந்து மூட்டையை சீலம்பூர் பழைய சாமான் சந்தைக்கு எடுத்துப் போயிற்று.

(ஒரு கணம் தயங்கினார் என்று எழுத ஆசைதான். தயங்கவில்லை. கதையின் இந்த இடத்தில் எல்லாரையும்விடச் சந்தோஷமாக இருப்பவர் அவர்தான்.)

6

ஐந்து மணி. நாரங் லேப்டாப்பை நிக்கத்தின் முன் வைத்தார்.

"பாருங்க, சூடு எவ்வளவு காட்டுது பாருங்க, ஐம்பத்தெட்டுதான்," என்று திரையைக் காட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சத்தமே இல்லையே. ஓடுதா?"

"பக்கவாட்டுல கை வைங்க."

வைத்தார். காற்று வெதுவெதுப்பாக வந்தது. பிறகு குரல் கிளம்பியது. குரல் என்றா சொல்வது? ஒரு மூட்டை கடுகைத் தகரத்தில் கொட்டிய மாதிரி இருந்தது. ஒரு சொல்லும் பிரியவில்லை. நாரங் பதறி ஸ்விட்சுக்குக் கையை நீட்டினார்.

"கெட்டுப்போச்சு, நிறுத்துறேன்."

"கையை எடுங்க நாரங்ஜி. இதுதான் என் வேகம்." நிக்கத் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இவ்வளவு நாளும் இது மூச்சு வாங்கிட்டு, திக்கித் திக்கிப் படிச்சுது. நான் பொறுத்துக்கிட்டேன். இப்பதான் சேர்ந்து நடக்குறோம்."

அந்த அம்மாளின் முகத்தில் பக்கம் பக்கமாக ஏதோ ஓடியது. தன் கையால் மாட்டிய ஆயிரத்து எண்ணூறு ரூபாய்ச் சரக்கின் முன்னால், தன் கடையிலேயே, செருப்பைக் கழற்றிவிடலாமா என்று நாரங்குக்குத் தோன்றியது.

அப்போது நிக்கத்தின் விரல்கள் கீகளின் மேல் இறங்கின. நின்றன.

"நாரங்ஜி, இது யாரோட லேப்டாப்?"

7

அந்தச் சொட்டுகள் அழுக்கு அல்ல. நிறுத்து என்பதற்கு ஒரு சொட்டு, முந்தைய பத்திக்கு இரண்டு, சாட்சி வாக்குமூலத்துக்கு நீளமாக ஒன்று. ஒரு கை ஜட்ஜை நோக்கி நீண்டிருக்கும்போது மறு கை தேடாமல் போய்ச் சேர அவரே வைத்து வளர்த்த வழிக்குறிகள். அதற்காகத்தான் புது லேப்டாப் வேண்டாம் என்றார்.

நாரங் சீலம்பூருக்குப் போன் போட்டார். மூச்சிரைக்கக் கேட்டார். அதுதான் இரண்டாவது தப்பு.

"அந்த மூட்டையா?" என்றது மறுமுனை. "மூவாயிரம் ஆகும். நாப்பது மூட்டையோட கலந்து கிடக்கு. நாளைக்கு மத்தியானம் தேடித் தரேன்."

"பதற்றத்தைக் காட்டிட்டீங்களே," என்றார் நிக்கத். "கிலோ கணக்குல போன சாமானுக்கு நீங்கதான் விலை வெச்சுக் கொடுத்தீங்க."

நாரங் போனை வைத்தார். முப்பது வருஷமாக அவர் அடுத்தவருக்குச் சொல்லிவந்த பாடம் அது.

"பசை இருக்கா? கெட்டியாக் காயறது?"

"இருக்கு."

"விரலை நீட்டுங்க. கண்ணை மூடுங்க. பார்த்துக்கிட்டே வெச்சா அழகா வெப்பீங்க. எனக்கு அழகு வேண்டாம்."

அவர் நாரங்கின் விரலைப் பிடித்து ஒவ்வொரு கீயாகக் கொண்டுபோனார். நாரங் கண்ணை மூடிக்கொண்டு சொட்டு வைத்தார். இருட்டில் அந்தக் கீபோர்டு ஒரு ஊர் அளவுக்கு விரிந்ததாம். தெருவும் முக்கும் திருப்பமுமாக. இதைச் சொல்லும்போது என் எதிரில் உட்கார்ந்து மறுபடி கண்ணை மூடிக் காட்டினார். டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் சார்ஜரை மறந்தே போனேன்.

"காய எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாராம் நிக்கத்.

"விடியக்காலையில கல்லா இருக்கும்."

"பார்ப்போம். பாதிப் பணம் இப்ப. வாதத்துல விரல் தடுமாறலேன்னா மீதி."

8

முடிவுகள். ஒன்று: பத்தரை மணி, மின்விசிறிச் சத்தம் மட்டும் உள்ள அறை, நிக்கத்தின் இடது கை நீளச் சொட்டைத் தேடாமல் தொட (இதைத்தான் விரும்புகிறேன். அதனாலேயே நம்பவில்லை.)

இரண்டு: கண்ணை மூடி வைத்த சொட்டு ஒன்று, ஒரே ஒரு கீ தள்ளி

மூன்றாவதை எழுத மனசு வரவில்லை. அதில் அந்தக் குடும்பம் சாமான்களோடு தெருவில் நிற்கிறது.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று நாரங்கிடம் கேட்டேன்.

அவர் எழுந்து ஷட்டர் கம்பியைத் தேடினார். "நானூற்றைம்பதுக்கு இவ்வளவுதான் வரும் ஜி. ஐநூறு கொடுத்திருந்தா முழுசாச் சொல்லியிருப்பேன்."

ஐம்பது ரூபாயை எடுக்கப் பைக்குள் போன என் கை, அங்கேயே நின்றது. என்னிடம் அப்போது எல்லா முடிவும் இருந்தது. கொடுத்திருந்தால் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

9

கணக்கு:

பிராசசர்: 1,800
ஃபேன், செம்புக் குழாயோடு: 800
கூலி: 400
கீபோர்டு: கொசுறு
மொத்தம்: 3,000
நிக்கத் கொடுத்தது: 1,500
மீதி 1,500: வந்ததா என்று நாரங்குக்குத்தான் தெரியும்

சார்ஜர்: 500
நான் கொடுத்தது: 450
பாக்கி: 50. நேரு பிளேஸ் பக்கம் போகிறவர் யார் கொடுத்தாலும் சரி. பேரம் பேசாமல்.