டாக்டர் டிக் போட்ட பக்கம்

"நவம்பர் 9, சனி. இன்றைய நினைவுக் கூட்டத்தில் என் நோட்டிலிருந்து ஒரு பக்கம் வாசித்தேன். அதில் ஒரு சின்னத் தவறு."

எழுதிவிட்டு, 'சின்ன' என்ற சொல்லை அவள் அடித்தாள். அடித்ததும் சரிதானா என்று தெரியவில்லை.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அளவு எழுதும் வேலை அவளுக்கு. மாலையில் ஏரிக்கரைப் படகு கிளப்பில் பாய்ப்படகு வகுப்பு. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவைப்பதால் அங்கே அவளுக்குப் பெயரே 'நோட்டு'. கற்றுக்கொடுத்தவர் ஒரு பல் டாக்டர். பகலெல்லாம் "வாயைத் திற" என்பவர், படகில் ஏறியதும் "வாயை மூடு, காத்தைக் கேளு" என்பார். அவர் போய் மூன்று வாரம் ஆகிறது.

கூட்டத்தில் ஆளாளுக்கு டாக்டரைப் புகழ்ந்தார்கள். அவளுக்குப் புகழத் தெரியாது. உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்று கடைசிப் பாடத்தை வாசித்தாள்: "காற்று வடக்கு. துறையில் கட்டிய முன் கயிற்றை முதலில் அவிழ்க்கச் சொன்னார் டாக்டர். அவிழ்த்தேன்."

டாக்டரின் பழைய மாணவரான பேக்கரிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். "என்னது? நம்ம துறையில படகோட மூக்கு வடக்கே பாத்துதானே நிக்குது? எதிர்க்காத்துல படகைப் பிடிச்சிட்டு நிக்கறதே முன் கயிறுதான். அதைப் போய் முதல்ல அவுப்பாங்களா? பின் கயிறு முதல்லன்னு பதினஞ்சு வருஷமா என் தலையில குட்டிக் குட்டிச் சொன்ன மனுஷன் அவரு!"

"விடுங்கண்ணே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "கடைசியில கொஞ்சம் தடுமாறியிருப்பாரு."

முன்வரிசையில் டாக்டரின் மனைவி திரும்பினார். "தடுமாறினாரா?"

எல்லோரும் சுவரில் மாட்டியிருந்த மிதவைச் சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ சொல்லும்மா. கடைசி ரெண்டு மாசம் நீதானே அவர்கூடப் படகுல இருந்தே? ஒருநாள் கண்ணாடியைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சிட்டாரு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாதோ? கடைசி நாள் வரைக்கும் ஊசி போட்டுப் பல்லு பிடுங்கினாரே, நான் தடுத்திருக்கணுமோ?"

"எழுதினது அப்படித்தான் இருக்கு, அம்மா," என்றாள் நோட்டு. அந்த நேரத்தில் அதைவிட மட்டமாக ஒன்று சொல்லியிருக்க முடியாது. டாக்டரின் மனைவி தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி எழுந்து போனார்.

கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை அடுக்கிவிட்டு அவள் கிளப் ரிஜிஸ்டரைத் திறந்தாள். கடைசிப் பாடத்தின் தேதியில், டாக்டர் கையெழுத்து: காற்று தெற்கு. முந்தைய பாடம் பார்த்தாள். இவள் நோட்டில் கிழக்கு, ரிஜிஸ்டரில் மேற்கு. பதினோரு பாடம், பதினொன்றும் தலைகீழ். அவர் எல்லாவற்றையும் மாற்றி எழுதினாரா, இல்லை நானா?

ரிஜிஸ்டரில் காற்றுக் கட்டத்துக்கு மேலே பொடி எழுத்தில் இருந்தது: 'காற்று எங்கிருந்து'.

வெளியே ஓடினாள். கம்பத்தில் கொடியின் வால் வடக்கே பறந்தது. காற்று அவள் பிடரியில் அடித்தது, தெற்கிலிருந்து. இத்தனை நாளும் கொடி நீட்டிய திசையைத்தான் அவள் எழுதிவந்திருக்கிறாள். அன்றைக்குக் காற்று பின்னாலிருந்து வந்திருக்கிறது. பின் கயிறுதான் படகைப் பிடித்திருக்கும். முன் கயிறு முதலில் என்று அவர் சொன்னது அச்சு அசல் சரி.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது. வகுப்பு முடிந்ததும் நோட்டை வாங்கிப் பார்த்து, சிவப்புப் பேனாவால் டிக் போட்டுத்தான் திருப்பித் தருவார் அவர். பதினோரு பக்கம், பதினோரு டிக். ஒன்றிலாவது திருத்தியிருக்க வேண்டாமா?

பேக்கரிக்காரர் காலித் தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அடிப் பாவி! அந்த அம்மா அழுதுட்டுல்ல போனாங்க?"

"அண்ணே, டாக்டர் படிச்சுப் பாத்துதான் டிக் போடுவாரா?"

"அவரா? எக்ஸ்ரே பாக்கற மாதிரி பாப்பாரு." தட்டைக் கீழே வைத்து யோசித்தார். "ஆனா கண்ணாடி இல்லேன்னா ஒரு எழுத்து தெரியாது. அன்னிக்குப் போட்டிருந்தாரா?"

அதை அவள் எழுதிவைக்கவில்லை. தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டிருப்பாரோ? படிக்கவே இல்லையோ? படித்தும் பிடிபடவில்லையோ? எப்படித் திருப்பிப் பார்த்தாலும் மூன்றும் பொருந்தின.

நோட்டில், 'சின்ன' அடித்த வரிக்குக் கீழே எழுதினாள்:

"நாளை காலை பத்து மணிக்கு டாக்டர் வீட்டில் அம்மாவைப் பார்க்க வேண்டும். ரிஜிஸ்டர், நோட்டு இரண்டையும் எடுத்துப் போக வேண்டும். தவறு என்னுடையது என்று முதலில் சொல்ல வேண்டும். டிக்கையும் காட்ட வேண்டும். ஏன் திருத்தவில்லை என்று கேட்டால், தெரியவில்லை என்று சொல்ல வேண்டும்."